புக்கிட் தீமா: ரயில்கள் அனுமதி கேட்டுச் சென்ற நிலையம்

சிங்கப்பூரின் பழைய ரயில் நிலையம் என்றதும் பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருவது தஞ்சோங் பகார்தான். உயர்ந்த கூடம், மலாயா வாழ்க்கையைக் காட்டும் சுவர்ப்படங்கள், முகப்பில் நான்கு பளிங்குச் சிலைகள், ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் பசியாறிய பராட்டாவும் தேநீரும். சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் கல்யாணம், கருமாதி என்று போய்வந்த நம் குடும்பங்களுக்கு அந்த நிலையம் பாதி வீடு மாதிரி. அது 2011 ஏப்ரலில் தேசிய நினைவுச்சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது.

அதே பாதையில், தீவின் நடுப்பகுதியில், மரங்களுக்கிடையே இன்னொரு நிலையம் இருந்தது. அதற்குச் சிலையும் இல்லை, கூடமும் இல்லை. தாழ்வான செங்கல் கட்டடம், ஓட்டுக்கூரை, ஒரு நடைமேடை, அவ்வளவுதான். ரயிலில் போனவர்களில் பாதிப்பேர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். கவனித்தவர்களும் "இங்கே யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள்?" என்றுதான் கேட்டிருப்பார்கள். கேள்வி நியாயமானதே. கடைசிக் காலத்தில் புக்கிட் தீமா நிலையத்தில் பயணிகள் யாரும் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. ஆனாலும் அங்கே ஊழியர்கள் இருந்தார்கள். பகலிலும் இரவிலும் வேலை நடந்தது. அந்த நிலையம் சம்மதிக்காமல் ஒரு ரயில்கூட தஞ்சோங் பகாருக்குப் போகவும் முடியாது, அங்கிருந்து வரவும் முடியாது.

பயணிகளே இல்லாத ஒரு நிலையம் எதற்காக 2011 ஜூன் 30 வரை உயிரோடு இருந்தது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் இன்று அழகாகச் சாயம் பூசி நிற்கும் அந்தக் கட்டடத்துக்கு அர்த்தம் கிடைக்கும். படம் எடுத்துக்கொண்டு திரும்புவோரில் எத்தனை பேருக்கு அந்த விடை தெரியும் என்பது சந்தேகமே.

முதல் ரயில் நின்ற இடம்

கதை 1903இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி சிங்கப்பூரின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டபோது அது தீவைக் கடந்து செல்லவில்லை. டேங்க் ரோட்டில் புறப்பட்டு நியூட்டன் வழியாக புக்கிட் தீமா வட்டாரம் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. வடக்கே உட்லண்ட்ஸ் வரையிலான மீதிப் பாதை ஏப்ரல் 10ஆம் தேதிதான் திறந்தது. ஆக, முதல் மூன்று மாதங்களுக்கு சிங்கப்பூர் ரயிலின் கடைசி நிலையம் புக்கிட் தீமாதான்.

டேங்க் ரோடு என்றால் நம்மவர்களுக்கு வேறு அறிமுகம் தேவையில்லை. தைப்பூசக் காவடிகள் சென்று சேரும் தண்டாயுதபாணி கோயில் இருக்கும் அதே சாலைதான். அந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் ரயில் கூவியது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

உட்லண்ட்ஸில் இறங்கியவர்கள் படகில் ஏறித்தான் ஜோகூர் நீரிணையைக் கடந்தார்கள். மறுகரையில் 1909இல் ஜோகூர் பாதை முடிவடைந்ததும், பிறையிலிருந்து ஜோகூர் பாரு வரை மேற்குக் கரை முழுவதும் ஒரே தொடராக ரயில் ஓடத் தொடங்கியது. சரக்குப் பெட்டிகளை மிதவைகளில் ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஈயமும் ரப்பரும் துறைமுகத்துக்கு வந்தாக வேண்டிய காலம் அது. மிதவை எத்தனை நாளைக்குத் தாங்கும்? 1923 செப்டம்பரில் கடற்பாலத்தில் சரக்கு ரயிலும், அக்டோபர் 1ஆம் தேதி பயணிகள் ரயிலும் ஓடின. 1924 ஜூன் 28ஆம் தேதி கடற்பாலம் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது.

இதற்கிடையில் 1913இலேயே சிங்கப்பூர் ரயில்வே, கூட்டு மலாய் மாநிலங்களின் அரசாங்கத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. 1918இல் வந்த சட்டம் ரயில்வே நிலங்களை, பெரும்பகுதி 999 ஆண்டுக் குத்தகையாக, ரயில்வேக்கு மாற்றிக் கொடுத்தது. அப்போது இரண்டு பக்கமும் பிரிட்டிஷ் கொடிதான் பறந்தது. ஒரே வீட்டில் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் பணம் மாறுவது போன்ற விஷயம் என்றுதான் கையெழுத்திட்டவர்கள் நினைத்திருப்பார்கள். இந்த இரண்டு கரைகளும் ஒருநாள் இரண்டு நாடுகளாகும் என்று அவர்களில் எவரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது. அந்த 999 ஆண்டுதான் பின்னாளில் இரண்டு நாட்டுத் தலைவர்களையும் இருபது ஆண்டுகள் அலைக்கழித்தது.

1932இல் வந்த புதிய வழி

நகரம் பெருகப் பெருக டேங்க் ரோட்டுப் பாதை தொல்லையானது. சாலைகளை ரயில் குறுக்கே கடக்கும் இடங்களில் மாட்டு வண்டிகளும் மோட்டார் கார்களும் காத்துக் கிடந்தன. துறைமுகமோ ஒரு பக்கம், ரயில் முடியும் இடமோ வேறொரு பக்கம். ஆகவே 1929இல் தொடங்கி, புக்கிட் தீமாவிலிருந்து தெற்கே புதிய வழியில் பாதையைத் திருப்பினார்கள். தரைமட்டத்தில் சாலைகளை மறிக்காமல், மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும், சாலைகளுக்கு மேலே இரும்புப் பாலம் அமைத்தும் அந்தப் பாதை தஞ்சோங் பகாரை அடைந்தது. 1932 மே 2ஆம் தேதி ஆளுநர் சர் சிசில் கிளமெண்டி புதிய தலைமை நிலையத்தைத் திறந்துவைத்தார். மறுநாள் ரயில்கள் ஓடத் தொடங்கின. நாம் இன்று பார்க்கும் புக்கிட் தீமா நிலையக் கட்டடமும், அதன் அருகில் புக்கிட் தீமா சாலைக்கு மேலாகச் செல்லும் இரும்புப் பாலமும், ரயில் மால் அருகிலுள்ள இன்னோர் இரும்புப் பாலமும் அந்தத் திருப்பத்தின் பிள்ளைகள்.

தொடக்கத்தில் இங்கே பயணிகளும் ஏறி இறங்கினார்கள். அடுத்த ஆண்டு, 1933இல், பக்கத்திலேயே புக்கிட் தீமா குதிரைப் பந்தயத் திடல் வந்தது. மலாயாவின் மற்ற ஊர்களிலிருந்து பந்தயக் குதிரைகள் ரயிலில் வந்து இந்த நிலையத்தில் இறங்கின. மனிதர்களைவிடக் குதிரைகளுக்கு உபகாரமான நிலையம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1960களின் நடுவில் ஜூரோங் தொழிற்பேட்டைக்கு ஒரு கிளைப் பாதை போடப்பட்டபோது அது பிரிந்ததும் புக்கிட் தீமாவிலிருந்துதான். லாரிகளோடு போட்டியிட முடியாமல் அந்தக் கிளைப் பாதை 1990களின் தொடக்கத்தில் நின்றுபோனது. பந்தயத் திடலும் 1999இல் மூடப்பட்டு கிராஞ்சிக்குப் போனது.

குதிரை போயிற்று, சரக்குப் போயிற்று, பயணிகள் எப்போதோ போயிற்று. பிறகும் நிலையம் இருந்ததே, ஏன்?

கையில் வளையம், வளையத்தில் சாவி

இங்கேதான் விஷயத்துக்கு வருகிறோம். உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை இருந்தது ஒற்றைப் பாதை. போகிற ரயிலும் வருகிற ரயிலும் அதே தண்டவாளத்தில்தான் ஓட வேண்டும். எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரயிலைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது. இரண்டும் ஒன்றையொன்று கடக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் புக்கிட் தீமா. அங்கே பாதை இரண்டாகப் பிரிந்து சற்றுத் தூரம் அருகருகே ஓடி மறுபடியும் ஒன்றாகச் சேர்ந்தது. ஒரு ரயில் ஒரு பாதையில் ஒதுங்கி நிற்க, மற்றது அடுத்த பாதையில் கடந்து போகும்.

ஒதுங்க இடம் இருந்தால் மட்டும் போதுமா? யார் எப்போது போகலாம் என்று முடிவு செய்வது யார்? அதற்காக மலாயா ரயில்வே கையாண்டது பிரிட்டிஷ் காலத்து டோக்கன் முறை. பாதை பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். புக்கிட் தீமாவுக்கும் தஞ்சோங் பகாருக்கும் இடையே ஒரு பகுதி. புக்கிட் தீமாவுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே இன்னொரு பகுதி. ஒவ்வொரு பகுதியின் இரு முனையிலும் ஒரு கருவி இருக்கும். அந்தக் கருவிக்குள் பெரிய சாவி வடிவத்தில் உலோக டோக்கன்கள் அடுக்கப்பட்டிருக்கும். இரு முனைக் கருவிகளும் மின்கம்பியால் இணைக்கப்பட்டவை.

ஒரு முனையில் இருப்பவர் மணி அடித்து, "இங்கே ரயில் தயார், அனுப்பலாமா?" என்று கேட்பார். மறுமுனையில் இருப்பவர் பாதை காலியாக இருந்தால் சம்மதம் தெரிவித்துத் தம் கருவியை இயக்குவார். அப்போதுதான் கேட்டவரால் ஒரு டோக்கனை வெளியே எடுக்க முடியும். ஒன்று வெளியே வந்த கணத்தில் இரண்டு கருவிகளும் பூட்டிக்கொள்ளும். அந்த டோக்கன் ஏதாவது ஒரு முனையில் திரும்பக் கருவிக்குள் போடப்படும் வரை வேறு டோக்கன் வராது. டோக்கன் கையில் இல்லாத ஓட்டுநர் அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு டோக்கன், ஒரு டோக்கனுக்கு ஒரு ரயில். கணினியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. எவ்வளவு எளிமையான ஏற்பாடு!

இனி அந்த டோக்கன் ரயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். நிற்கும் ரயிலென்றால் கையில் கொடுத்துவிடலாம். நிற்காமல் போகும் ரயிலுக்கு? டோக்கனை ஒரு பையில் வைத்து, அந்தப் பையைப் பெரிய வளையத்தில் கட்டி, நடைமேடை ஓரத்தில் ஊழியர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். ரயில் வேகத்தைக் குறைத்து நெருங்கி வரும். இயந்திரப் பெட்டியிலிருந்து ஒருவர் கையை வெளியே நீட்டி அந்த வளையத்தைக் கையோடு மாட்டி இழுத்துக்கொள்வார். முன் பகுதியின் டோக்கன் இருக்கும் வளையத்தை அதே வேளையில் கீழே விட்டுவிடுவார். எல்லாம் சில வினாடிகள்தான். மழை கொட்டினாலும், நள்ளிரவானாலும், ஊழியருக்குக் காய்ச்சலே ஆனாலும் அந்தச் சில வினாடிகள் தவறக் கூடாது. வளையம் தவறினால் ரயில் நிற்க வேண்டும்.

தீபகற்பத்தின் மற்ற இடங்களில் இரட்டைப் பாதையும் மின்விளக்குச் சமிக்ஞைகளும் வரவர இந்தப் பழக்கம் ஒவ்வோர் ஊராக மறைந்தது. மலேசிய ரயில்வேயில் அது கடைசி வரை மிஞ்சியிருந்த இடங்களில் ஒன்று புக்கிட் தீமா. உலகத்தின் மிக நவீனமான நகரங்களில் ஒன்றின் நடுவே, எம்ஆர்டி ரயில்கள் ஓட்டுநரே இல்லாமல் ஓடத் தொடங்கிவிட்ட பிறகும், ஒருவர் நடைமேடையில் நின்று வளையத்தை நீட்டிக்கொண்டிருந்தார். படம் பிடிக்க வந்த ரயில் ரசிகர்களுக்கு அது காட்சி. அவருக்கு அது கடமை. ரயிலுக்குள் தூங்கிக்கொண்டிருந்த முந்நூறு நானூறு உயிர்களுக்கு அதுதான் காப்பு.

தண்டவாளத்தோடு வாழ்ந்த தமிழர்

மலாயா ரயில்வேயைப் பற்றிப் பேசும்போது தமிழரை விட்டுவிட்டுப் பேச முடியாது. தோட்டத்துத் தமிழர்கள் தண்டவாளத்தைக் "கம்பிச் சடக்கு" என்றே அழைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இரண்டு வகைத் தமிழர் இந்த வேலையில் இருந்தனர். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்துவிட்டு வந்தவர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் அமர்ந்தார்கள். அந்தக் காலத்து மலாயாவில் நிலைய அதிகாரி என்றாலே சிலோன்காரர்தான் என்று நினைக்கும் அளவுக்கு அவர்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களோ பாதையில் நின்றார்கள். கட்டை மாற்றுவது, சரளைக்கல் போடுவது, புல் வெட்டுவது, தினமும் தண்டவாளத்தோடு நடந்து தளர்ந்த பிணைப்புகளை இறுக்குவது எல்லாம் அவர்கள் வேலை. ஒருவர் நாற்காலியில், ஒருவர் வெயிலில். மொழி ஒன்றாக இருந்தாலும் வாழ்க்கை ஒன்றாக இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த வேலைக்காரர்களின் தடம் சிங்கப்பூரில் இன்றும் ஓரிடத்தில் தெளிவாகத் தெரிகிறது. தஞ்சோங் பகார் பாதை திறந்த அதே 1932இல், குவீன்ஸ்வே அருகே ரயில்வே நிலத்தில், ரயில்வே ஊழியர்கள் முனீஸ்வரனுக்கு ஒரு சிறு குடில் போட்டார்கள். காட்டிலும் பாதையிலும் வேலை செய்பவனுக்குக் காவல் தெய்வம் இல்லாமல் முடியுமா? அந்தக் குடில் வளர்ந்து, இடம் மாறி, 1998இல் கொமன்வெல்த் டிரைவில் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலாக நிற்கிறது. ரயில் போய்விட்டது, ரயில்காரர்கள் கும்பிட்ட சாமி இருக்கிறார். அங்கே போகும் இளையர்களில் பலருக்கு அது ரயில்வே கோயில் என்பதே தெரியாது.

இந்தப் பாதையில் ஓடியவை எல்லாம் மகிழ்ச்சியான பயணங்களும் அல்ல. 1942 பிப்ரவரியில் புக்கிட் தீமா வட்டாரம் போர்க்களமானது. நிலையத்திலிருந்து வடக்கே பாதையை ஒட்டியுள்ள ஃபோர்டு தொழிற்சாலையில்தான் பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள். பிறகு சயாம் மரண ரயில்பாதைக்காகச் சிங்கப்பூரிலிருந்து போர்க்கைதிகளை இரும்புச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து அனுப்பினார்கள். அனலாகக் கொதிக்கும் பெட்டிகளில் நாள்கணக்கில் பயணம். வடக்கே போக வேறு தண்டவாளம் கிடையாது. ஆகவே அந்த ரயில்கள் ஒவ்வொன்றும் இந்த நடைமேடையைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். அதே சயாம் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரமாக மடிந்தார்கள். அவர்கள் ஏறியவை வடக்கே உள்ள நிலையங்கள். ஆனாலும் இரண்டு கூட்டமும் போய்ச் சேர்ந்தது ஒரே காட்டுக்கு. கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. தோட்டத் தமிழரில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய கல்கூட இல்லை.

தலைமை நிலையம் ஆகியிருக்க வேண்டியது

1965இல் சிங்கப்பூர் தனி நாடானது. ரயில் மட்டும் மலேசியாவுடையதாகவே இருந்தது. தீவின் வடகோடியிலிருந்து தென்கோடி வரை ஒல்லியான ஒரு நிலத்துண்டு. ஆட்சி சிங்கப்பூருடையது, நிலமும் தண்டவாளமும் மலேசிய ரயில்வேயுடையவை. ரயில் ஒழுங்காக ஓடியவரை யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. நிலத்தின் விலை ஏறிய பிறகுதான் கவலை வந்தது.

1990 நவம்பர் 27ஆம் தேதி சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூவும் மலேசிய நிதியமைச்சர் டாயிம் சைனுடினும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். அதன்படி மலேசிய ரயில்வே தஞ்சோங் பகாரைக் காலி செய்துவிட்டு முதலில் எங்கே வர வேண்டும் தெரியுமா? புக்கிட் தீமாவுக்கு! 1903இல் மூன்று மாதம் கடைசி நிலையமாக இருந்த ஊர், மறுபடியும் சிங்கப்பூரின் தலைமை ரயில் நிலையம் ஆகியிருக்க வேண்டும். உடன்பாடு அப்படியே நடந்திருந்தால் அந்தச் சின்னச் செங்கல் கட்டடம் தப்பித்திருக்குமா என்பது வேறு கேள்வி. அத்தனை கூட்டத்துக்கும் குடிநுழைவுக்கும் சுங்கத்துக்கும் இடம் வேண்டுமே. பெரும்பாலும் இடித்துவிட்டுத்தான் கட்டியிருப்பார்கள்.

உடன்பாட்டை எப்படிப் புரிந்துகொள்வது என்பதிலேயே இரு தரப்பும் முரண்பட்டன. 1998 ஆகஸ்ட் 1ஆம் தேதி சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியா தன் சோதனையைத் தஞ்சோங் பகாரிலேயே வைத்துக்கொண்டது. இதனால் ஒரு விநோதம் நேர்ந்தது. வடக்கே போகும் பயணி, சிங்கப்பூரை விட்டு வெளியேறும் முன்பே மலேசியாவுக்குள் நுழைந்தவராகிவிட்டார். அந்த வகையில் பார்த்தால் புக்கிட் தீமாவைக் கடக்கும்போது ரயிலில் இருந்தவர்கள் காகிதப்படி ஒரே நேரத்தில் இரண்டு நாட்டிலும் இருந்தவர்கள். இந்த விநோதம் பதின்மூன்று ஆண்டு நீடித்தது.

முடிச்சை அவிழ்த்தது 2010 மே 24ஆம் தேதி இரு பிரதமர்களும், நஜிப் ரசாக்கும் லீ சியன் லூங்கும், வெளியிட்ட கூட்டறிக்கை. 2011 ஜூலை 1ஆம் தேதிக்குள் ரயில்வே உட்லண்ட்ஸுக்கு நகரும். ரயில்வே நிலங்களுக்கு ஈடாக நகரில் நிலம் தரப்படும். அதை மலேசியா 60 விழுக்காடும் சிங்கப்பூர் 40 விழுக்காடும் கொண்ட நிறுவனம் மேம்படுத்தும். மரினா சவுத்தில் நான்கு மனைகளும் ஒஃபிர்-ரோச்சோர் பகுதியில் இரண்டும் அப்படித்தான் மாறின. அங்கே இன்று நிற்கும் உயர்ந்த கோபுரங்களின் அடியில், ஒரு வகையில், இந்தப் புல் முளைத்த தண்டவாளங்களும் இருக்கின்றன.

அரசாங்கங்கள் பேசி முடித்ததும் மக்கள் பேசத் தொடங்கினார்கள். 2010 அக்டோபரில் சிங்கப்பூர் இயற்கைச் சங்கம், பாதையைத் துண்டு போட்டு விற்றுவிடாமல் பசுமை வழியாகக் காக்க வேண்டும் என்று ஒரு திட்டத்தை முன்வைத்தது. அந்தக் குரல் கேட்கப்பட்டது. புக்கிட் தீமா நிலையம் 2011 மே மாதம் பாதுகாக்கப்படும் கட்டடமாக அறிவிக்கப்பட்டது.

கடைசி இரவு

2011 ஜூன் 30 இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயிலை ஓட்டிச் சென்றவர் ஜோகூர் சுல்தான் இப்ராஹிம். 2024 முதல் மலேசியாவின் மாமன்னராக இருப்பவரும் அவரே. கடற்பாலம் திறக்கப்பட்டபோது ஜோகூரை ஆண்டவர் அவருடைய முப்பாட்டனார், அவரும் சுல்தான் இப்ராஹிம்தான். பாதை நெடுகிலும் மக்கள் கூடி நின்று கையசைத்தார்கள். புக்கிட் தீமா நடைமேடையிலும் அப்படியொரு கூட்டத்தை அந்த நிலையம் அதற்கு முன் பார்த்திருக்காது. பயணிகளே இல்லாத நிலையத்துக்கு, அது மூடும் நாளில்தான் ஜனங்கள் வந்தார்கள்.

மறுநாள் முதல் ஜூலை 17 வரை முழுப் பாதையும் நடப்பதற்குத் திறந்துவிடப்பட்டது. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு, குடும்பம் குடும்பமாகத் தண்டவாளத்தில் நடந்தார்கள். அதன்பின் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுக்கும் வேலை தொடங்கியது. ஆண்டு முடிவதற்குள் அவை மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. புக்கிட் தீமா நிலையத்தின் முன்னாலும் இரும்புப் பாலங்களின் மேலும் மட்டும் சிறு துண்டுகள் விட்டுவைக்கப்பட்டன.

சீர்ப்படுத்தும் பணிகள் முடிந்து 2022 ஜூலை 1ஆம் தேதி நிலையம் மறுபடியும் திறந்தது. ஊழியர் குடியிருப்பு இப்போது கோப்பி குடிக்கும் இடம். நடைமேடையில் மணமக்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதில் தவறொன்றும் இல்லை. இடிபடுவதைவிட நூறு மடங்கு மேல். ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. செங்கலையும் ஓட்டையும் காப்பாற்றுவது சுலபம். அங்கே நடந்த வேலையைக் காப்பாற்றுவதுதான் கடினம். மணி அடித்துப் பேசிக்கொண்ட அந்த மொழி, எத்தனை முறை அடித்தால் என்ன பொருள், இருட்டில் வளையத்தை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும், கை எப்படி வலிக்கும் என்பதெல்லாம் வேலை பார்த்தவர்களோடு இருக்கிறது. அவர்கள் ஓய்வுபெற்று, சிலர் ஜோகூரிலும் சிலர் சிங்கப்பூரிலும் முதுமையில் இருக்கிறார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் இப்போது நரை விழுந்துவிட்டது. நேயர்களின் குடும்பத்திலும் அப்படியொரு தாத்தாவோ பெரியப்பாவோ இருக்கலாம். கேட்டு எழுதிவைக்க இதுதான் நேரம். அவர்கள் சொல்வது வெறும் பழங்கதை அல்ல, சிங்கப்பூர்ப் பாதையில் ரயில்கள் மோதாமல் ஓடியது எப்படி என்பதன் சாட்சியம்.

நேரில் பார்க்க விரும்புவோர் கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். காலை வேளை நல்லது. முதலில் இரும்புப் பாலத்தில் ஏறி நின்று, கீழே ஓடும் கார்களைப் பாருங்கள். சாலையை மறிக்காமல் ரயிலை மேலே ஏற்றிய 1932இன் யோசனை புரியும். பிறகு நிலையத்துக்கு வாருங்கள். கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். பாதையின் மற்ற இடங்களெல்லாம் குறுகலாக இருக்க, நிலையத்தின் முன்னால் மட்டும் நிலம் ஏன் அவ்வளவு அகலமாக விரிகிறது என்று கவனியுங்கள். இரண்டு ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நின்ற இடம் அது. விட்டுவைத்திருக்கும் தண்டவாளத்தின் குறுக்கே ஒரு பெரிய எட்டு வைத்துப் பாருங்கள். ஒரு தண்டவாளத்திலிருந்து மறு தண்டவாளம் வரை சரியாக ஒரு மீட்டர். அதே அகலத்தில்தான் இங்கிருந்து பிறை வரை தமிழர் நடந்து பார்த்த பாதை போனது. நடைமேடை ஓரத்தில் நின்று, தெற்கே பார்த்துக் கையை நீட்டினால், வளையம் பிடித்தவர் நின்ற இடமும் ஏறக்குறைய அதுதான்.